ஃபேஸ்வாஷ் லேபிள்ல எதைப் பார்த்து பயப்படணும்? – மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு எண்ணெய் வடியுற முகம், பருவும் இருக்கு. சாலிசிலிக் ஆசிட் ஃபேஸ்வாஷ் யூஸ் பண்றேன், ஒரு நாளைக்கு நாலு தடவை கழுவுறேன். கழுவினதும் முகம் இழுத்துப் பிடிக்குது, மூக்கோரம் எரியுது. லேபிள்ல சல்ஃபேட், ஆல்கஹால், பாரபென்னு எல்லாம் போட்டிருக்கு. தூக்கிப் போட்டுடவா டாக்டர்?

பதில்: தூக்கிப் போடலாம், ஆனா நீங்க பயப்படுற மூணுல ஒண்ணுக்காகத்தான்.

நீங்க எழுதி அனுப்பின லிஸ்ட்ல தண்ணிக்கு அடுத்ததா சோடியம் லாரில் சல்ஃபேட் இருக்கு பாருங்க, வில்லன் அதுதான். லேபிள்ல எது அதிகமோ அது முதல்ல வரும், 1 சதவீதத்துக்குக் கீழ உள்ளதை எந்த வரிசையில வேணா போட்டுக்கலாம், அதனால முதல் நாலஞ்சு பேரைப் படிச்சாலே ஃபேஸ்வாஷோட குணம் பாதி தெரிஞ்சிடும். இந்த லாரில் சல்ஃபேட் எப்படிப்பட்டதுன்னா, தோல் ஆராய்ச்சியில வேணும்னே எரிச்சல் உண்டாக்கிப் பார்க்கணும்னா எடுக்குற கெமிக்கலே இதுதான். அழுக்கு, எண்ணெயோட நிக்காம தோலோட சொந்தக் கொழுப்பையும் உருவிட்டுப் போயிடும், தோல்ல இருக்குற புரதத்தையும் பிடிச்சுக்கும், அந்த இழுப்பு அதனாலதான். நீங்க அதை நாலு தடவை வேற செய்றீங்க! தேய்ச்சா க்ரீச்னு சத்தம் வர்ற சுத்தம் பாத்திரத்துக்குப் போதும், முகத்துக்கு வேணாம்.

பேர்ல கிட்டத்தட்ட ஒண்ணா இருக்குற சோடியம் லாரெத் சல்ஃபேட் இதைவிட சாது. கோகமிடோப்ரொபைல் பீட்டெய்ன், டெசில் க்ளூக்கோசைடு, சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட் மாதிரி பேருங்க முன்னாடி இருந்தா இன்னும் மென்மையா இருக்க வாய்ப்பு அதிகம். ஆனா 'சல்ஃபேட் ஃப்ரீ'ன்னு பெருசா எழுதியிருக்கேன்னு கண்ணை மூடிட்டு வாங்கிடாதீங்க, சல்ஃபேட்டுக்கு பதிலா ஓலெஃபின் சல்ஃபோனேட்னு ஒண்ணைப் போடுவாங்க, அதுவும் நல்லா உலர்த்தும். சாதாரண சோப்பும் இதுக்கு மாற்று இல்ல, தோலோட பிஹெச் (அமிலமா காரமான்னு காட்டுற அளவு) 5 பக்கம், சோப்போடது 9, 10ன்னு இருக்கும்.

ஆல்கஹால் விஷயத்துல உங்க லிஸ்ட்ல இருக்குறது செட்டில் ஆல்கஹால். அது மெழுகு மாதிரி ஒரு கொழுப்புப் பொருள், தோலை மிருதுவாத்தான் வைக்கும். உலர்த்துறது 'ஆல்கஹால் டெனாட்'னு வர்றது.

பாரபென் பாவம், சும்மா பேரு கெட்டுப் போச்சு. பாட்டில்ல கிருமி வளராம இருக்க ஏதாவது ஒரு ப்ரிசர்வேட்டிவ் வேணும், அதுல அலர்ஜி ரொம்பக் கம்மியா தர்றது இதுதான்னு அமெரிக்க கான்டாக்ட் டெர்மடைட்டிஸ் சொசைட்டி (தோல்ல படுற பொருளால வர்ற அலர்ஜி, எரிச்சலைப் பத்தி ஆராயுற டாக்டர்கள் அமைப்பு) 2019ல இதை 'அலர்ஜி இல்லாதது'ன்னே அறிவிச்சாங்க. அதே சொசைட்டி 2013ல அந்த வருஷத்தோட அலர்ஜிப் பொருளா அறிவிச்சது மீத்தைல்ஐசோதயசோலினோனை, அதுவும் ஒரு ப்ரிசர்வேட்டிவ்தான். லேபிள்ல இருக்கான்னு பார்த்துத் தவிர்க்க வேண்டிய பேரு இது, கூடவே 'பர்ஃப்யூம்'னு ஒத்தை வார்த்தையில வர்ற வாசனையும். கழுவினதும் எரிஞ்சா பெரும்பாலும் எரிச்சல்தான், ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு அரிப்பு, கண் இமை வீக்கம்னு வந்தா அலர்ஜியான்னு யோசிக்கணும்.

சாலிசிலிக் ஆசிட் பருவுக்கு நல்லதுதான், எண்ணெய்ல கரையும், துவாரத்துக்குள்ள இறங்கும். ஆனா எரியுற தோல்ல இப்போ வேணாம். ஹையலூரானிக், வைட்டமின் சின்னு எக்ஸ்ட்ரா காசு வாங்குற ஃபேஸ்வாஷும் வேணாம், அரை நிமிஷத்துல தண்ணியோட போறதுக்கு எதுக்கு அவ்வளவு செலவு?

ரெண்டு வாரத்துக்கு வாசனை இல்லாத மைல்டான ஒண்ணை காலையிலயும் ராத்திரியும் மட்டும் போடுங்க, முகம் ஈரமா இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் தடவுங்க. எரிச்சல் அடங்கின பிறகு சாலிசிலிக்கை ராத்திரி மட்டும் ஆரம்பிச்சுப் பாருங்க. அடங்கலைன்னா தோல் டாக்டரைப் பாருங்க, பேட்ச் டெஸ்ட் (எது அலர்ஜின்னு தோல்ல ஒட்டிப் பார்க்குற சோதனை) தேவைப்படலாம். போகும்போது அந்த பாட்டிலையும் எடுத்துட்டுப் போங்க.