தீபாவளி ஜவுளியும் நிற்கும் கால்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் தியாகராய நகர் நெரிசலுக்குள் செல்ல என் மனம் ஒப்புவதில்லை. ஆண்டுக்கொருமுறை துணி எடுக்கும் எளியவர்களின் மகிழ்ச்சியை வெறுப்பது மேட்டிமைத்தனம் என்கிறான் என் மகன். என் வெறுப்பு தவறா?

ஒரு வாசகர், சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகன் சொல்வதில் பாதியை நான் முழுமனதுடன் ஏற்கிறேன். சட்டம் விதிக்கும் குறைந்தபட்ச 8.33 சதவீத போனஸை மொத்தமாகக் கையில் வாங்கும் ஒரு தொழிலாளி, மனைவி மக்களோடு ரங்கநாதன் தெருவுக்கு வந்து, விரலால் துணியைத் தொட்டுப் பார்த்து, வேண்டாம் என்று சொல்லி வேறொன்றைக் கேட்கும் அந்த ஒரு மாலையில் அவருக்குக் கிடைக்கும் மதிப்பை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். மஞ்சள் தடவிய புதுத்துணிக்காக விடியும்வரை விழித்திருந்த பிள்ளைகளில் நானும் ஒருவன்.

நான் வெறுப்பது, ஆண்டு முழுவதும் துணி எடுத்து அலமாரி நிரம்பிய நம்மைப் போன்றவர்களையும் ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று அதே ஒரு வாரத்துக்குள் விரட்டிக் கொண்டுவந்து நிறுத்தும் வணிகத்தை. அந்த நெரிசலின் பாரம் முழுவதும் விற்பனைப் பெண்களின் கால்களில்தான் இறங்குகிறது. கோழிக்கோட்டின் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடியதன் பயனாகக் கேரளம் 2018இல் அவர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடும் 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை தரப்பட வேண்டும் என்றது. ஆனால் சென்ற ஐப்பசியில் நான் நுழைந்த கடையொன்றில் இருந்த ஒரே முக்காலியின் மேல் சுடிதார் கட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. இரவு பத்தரை மணிக்கு அதன் அருகே ஒரு பெண் ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றுகொண்டிருந்தார். தீபாவளிக்கு முந்தைய இரவுவரை விற்றுவிட்டு, ஊரில் எல்லாரும் எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகே வீடு போய்ச் சேர முடியும் என்றார்.

ஆகவே உங்கள் வெறுப்பு தவறல்ல; அது வாங்க வருகிறவர்மேல் திரும்பாமல் இருந்தால் போதும். எங்கள் வீட்டில் புரட்டாசியிலேயே, 1935 முதல் நெசவாளர்களின் துணியை விற்றுவரும் கோ-ஆப்டெக்ஸில் தள்ளுபடி விலைக்கு எடுத்துவிடுகிறோம். ரங்கநாதன் தெருவுக்கே போக வேண்டும் என்று வீட்டார் விரும்பினால், ஒரு வேலைநாளின் காலையில் மகனையும் அழைத்துச் செல்லுங்கள். விற்பவர்கள் உட்கார இருக்கை எங்கே என்று மேலாளரிடம் அவரையே கேட்கச் சொல்லுங்கள். இந்த ஆண்டு நான் இரண்டு கடைகளில் கேட்டேன். ஒன்றில் இருந்தது.