வாசிக்கான், ஆனா புரியலையா?

அக்கா, நாலாம் வகுப்புப் பையன் பறவைப் புத்தகத்தைக் கடகடன்னு வாசிக்கான், என்ன வாசிச்சேன்னு கேட்டா முழிக்கான்னு எழுதியிருக்கீங்க. கதை மாதிரி ஒரே ஓட்டமா வாசிக்கிறதுதான் கோளாறு.

முதல்ல 5 நிமிஷம் பொருளடக்கம், படம், படத்துக்கு அடியில உள்ள வரி மட்டும் பாக்கட்டும். அப்புறம் தலைப்பைக் கேள்வியாக்கணும்: ‘வலசை’ன்னு (பறவைங்க பருவத்துக்கு ஏத்தமாதிரி இடம் மாறிப் போறது) இருந்தா ‘ஏன் வலசை போகுது?’ ஒரு பத்தி வாசிச்சதும் புத்தகத்தை மூடிட்டு, சொந்த வார்த்தையில 2 வரி சொல்லணும். அப்படியே ஒப்பிச்சா புரியலைன்னுதான் அர்த்தம். பெரும்பாலும் ‘இனப்பெருக்கம்’ மாதிரி ஒரு சொல்தான் தடுக்கும். ‘கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது’ன்னு சொல்லிட்டுத் திரும்ப வாசிக்க விடுங்க.

வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வருதுன்னு இருந்தா, வரைபடத்துல மங்கோலியாவுல இருந்து நம்ம திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் வரைக்கும் விரலை இழுக்கச் சொல்லுங்க. ஜனவரியில அந்தக் கூந்தன்குளத்துக்கே கூட்டிட்டுப் போங்க, புத்தகத்தோட.