மண் அரிப்புக் கணக்கு: யு.எஸ்.எல்.இ. சொல்லும் டன்னை நம்பலாமா?

கேள்வி: மலைச்சரிவு நிலத்தில் ஆண்டுக்கு எத்தனை டன் மண் அரித்துப் போகிறது என்று யு.எஸ்.எல்.இ. (Universal Soil Loss Equation, மண் இழப்பைக் கணிக்கும் பொதுச் சமன்பாடு) சூத்திரம் சரியாகச் சொல்லுமா? ப்ராஜெக்ட்டுக்கு எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் வருகிற எண்ணை அப்படியே நம்பி விடாதீர்கள். நான் நம்பி மாட்டிக்கொண்டவன்.

நீலகிரியில் ஒரு கேரட் தோட்டம். 40 சதவீதச் சரிவு. மழையின் வேகம், மண்ணின் இயல்பு, சரிவின் நீளமும் செங்குத்தும், பயிர் மூட்டம், தடுப்பு வேலை என ஐந்தையும் பெருக்கினேன். ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 412 டன் என்று வந்தது. பெருமையாக அந்தத் தோட்டத்துப் பெரியவரிடமே சொன்னேன். "டன் எல்லாம் எனக்குத் தெரியாது, எத்தனை விரற்கடை சொல்லு" என்றார்.

ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மண் என்றால் 10 கன மீட்டர், சுமார் 13 டன். அப்படிப் பார்த்தால் 412 டன் கிட்டத்தட்ட 32 மி.மீ. ரெண்டு விரற்கடை என்றேன். சிரித்துவிட்டார். "வருஷா வருஷம் அவ்வளவு போனா எங்க தாத்தா காலத்துலயே பாறைதான் மிஞ்சியிருக்கும், தம்பி."

திரும்பி வந்து பார்த்தால், தப்பு என்னுடையதுதான். மழைக் காரணியை மெட்ரிக்கில் போட்டுவிட்டு, மண் காரணியை அமெரிக்க அட்டவணையிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறேன். அதை 0.1317-ஆல் பெருக்கியிருக்க வேண்டும். பெருக்கியதும் 412 டன் 54 ஆகிவிட்டது. இந்த ஒரு இடத்தில் தவறினால் ஏழரை மடங்கு ஏறிவிடும். ஏழரை என்றாலே வினைதான்!

அதோடு முடியவில்லை. இந்தச் சூத்திரம் அமெரிக்க வயல்களில் அளந்த அளவுகளைத் தொகுத்து விஷ்மேயர், ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் உருவாக்கியது. 1965-இல் கையேடாக வந்து 1978-இல் திருத்தப்பட்டது. மற்ற நிலங்களை ஒப்பிட அது எடுத்துக்கொள்ளும் அடிப்படைப் பாத்தி 72.6 அடி நீளம், 9 சதவீதச் சரிவு. அதென்ன 72.6? அகலம் 6 அடி என்று வைத்தால் சரியாக ஒரு சென்ட், அதாவது ஏக்கரில் நூறில் ஒரு பங்கு. கணக்குக்கு வசதி, அவ்வளவுதான். சரிவுக் காரணிக்கு அவர்கள் கையிலிருந்த தரவு 3 முதல் 18 சதவீதம் வரைதான். என் தோட்டமோ 40. பழைய சூத்திரப்படி சரிவின் செங்குத்துக்கு மட்டும் 10.8 வருகிறது, 1997-இல் வந்த திருத்திய ஆர்.யு.எஸ்.எல்.இ.யில் 5.7. ஆக 54 டன் இன்னும் இறங்கி 29, அதாவது 2 மி.மீ. சொச்சம். அதே தோட்டம், அதே மண்!

அப்புறம், இது பல ஆண்டுச் சராசரி. ஒரே ராத்திரி கொட்டும் மழைக்கு இதைப் போடாதீர்கள். ஓடைக்கரை இடிவதும் நிலச்சரிவும் இதில் சேராது. மேலே அரிபட்ட மண் கீழ்ப்படியிலேயே தங்கிவிட்டாலும் இதற்குத் தெரியாது.

அப்படியானால் எதற்குத்தான் இது? ஒப்பிட. பாத்தியைச் சரிவோடு போடுவதா குறுக்கே போடுவதா, தேயிலையா கிழங்கா, எந்தச் சரிவில் முதலில் தடுப்புக் கட்டுவது என்று கேட்டால் நன்றாகவே பதில் சொல்லும். அறிக்கையில் டன்னோடு மி.மீ.யையும் எழுதுங்கள். இந்தக் கணக்கை வைத்து வரைபடம் போட்டிருந்தால் அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, மழை விட்ட மறுநாள், அரிப்பு அதிகம் என்று அது சிவப்பாகக் காட்டிய சரிவுகளில் ஒரு நடை நடந்து பாருங்கள். வேர் வெளியே தெரிகிறதா, கீழ் வரப்பில் வண்டல் ஏறியிருக்கிறதா என்று.