அப்பாவின் குரல் எங்கே போனது?

அன்புள்ள ஐயா,

காரிமங்கலம் பக்கம் எங்கள் ஊர். என் அப்பா பாரதக் கூத்தில் துரியோதனன் வேடம் கட்டியவர். 2007இல் திருவிழாவில் அவர் ஆடியதை ஒரு ஸ்டுடியோக்காரர் டிவிடியாகப் போட்டுக் கொடுத்தார். அப்பா இப்போது இல்லை. போன மாதம் ஐந்து ஸ்பீக்கர் ஹோம் தியேட்டர் வாங்கினேன். பழைய பிளேயரை டிவியில் மாட்டி, டிவியின் ஹெட்போன் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒயர் இழுத்திருக்கிறேன். ஆர்மோனியமும் முகவீணையும் கேட்கின்றன. அப்பாவின் குரல் மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் தேய்கிறது. அந்த ஒயரைப் பிடுங்கிவிட்டு டிவியில் மட்டும் கேட்டால் சரியாக இருக்கிறது. டிவிடி கெட்டுவிட்டதா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

டிவிடி கெடவில்லை. டிவியில் குரல் தெளிவாக வருகிறது என்ற உங்கள் வரியே அதற்குச் சாட்சி. குரல் தொலைவது டிவிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில்.

ஹெட்போன் பின்னை உற்றுப் பாருங்கள், மூன்று பகுதிகள் தெரியும். நுனி இடப்பக்க ஒலிக்கு, நடு வளையம் வலப்பக்கத்துக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான எர்த். பின் முழுதாக உள்ளே போகாமலோ சாய்ந்தோ நின்றால் எர்த் தொடர்பு விட்டுவிடும். அப்போது இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே ஸ்பீக்கருக்குப் போகும். இரண்டிலும் சமமாக இருப்பது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நடுவில் நின்று பாடுபவரின் குரல்தான் இரண்டிலும் சமமாகப் பதிவாகிறது. ஓரத்தில் உட்கார்ந்த பக்கவாத்தியம் தப்பிவிடுகிறது. தருமபுரியில் என் வீட்டில் இதே கோளாறு வந்தபோது ஒரு கடையில் ஸ்பீக்கரை மாற்றச் சொன்னார்கள். கோபம் இன்னும் ஆறவில்லை. நீங்கள் ஒரு பைசாவும் செலவழிக்க வேண்டாம்.

பின்னை அழுத்திச் செருகினாலே குரல் திரும்பக்கூடும். சுவரில் மாட்டிய டிவியாக இருந்தால் மறுபடி நழுவும். அதனால் ஒலியை டிவி வழியாகச் சுற்ற விடாதீர்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பிளேயரின் மஞ்சள் ஒயரை மட்டும் டிவியில் விடுங்கள். சிவப்பையும் வெள்ளையையும் நேராக ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுபோங்கள். பிளேயரின் பின்புறம் பச்சை, நீலத்தோடு இன்னொரு சிவப்புத் துளை இருந்தால் அது படத்துக்கானது. வெள்ளைக்குத் துணையாக இருக்கும் சிவப்பே ஒலிக்கானது.

சினிமா டிவிடிக்கு ஐந்து ஸ்பீக்கரும் தனித்தனியாகப் பேச வேண்டுமென்றால் இந்தச் சிவப்பு, வெள்ளை போதாது. அவை சுமப்பது இரண்டே தடங்கள். பிளேயரிலும் ஆம்ப்ளிஃபயரிலும் 'கோஆக்சியல்' என்ற துளை இருந்தால் அவற்றை ஒற்றை ஒயரால் இணைத்து, பிளேயரின் டிஜிட்டல் ஒலி செட்டிங்கை 'பிட்ஸ்ட்ரீம்' என்று வையுங்கள். 'பிசிஎம்' என்று விட்டால் மறுபடி இரண்டு தடம்தான். கூத்துக்கு இது எதுவும் வேண்டாம். ஊர்த் திடலில் கேமராவின் மைக் கேட்டதை ஐந்தாக இழுத்தால் குரல் நீர்த்துப்போகும். ஆம்ப்ளிஃபயரை 'ஸ்டீரியோ'வில் வைத்து, முன்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கரில் கேளுங்கள்.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. ஸ்டுடியோவில் எழுதிக் கொடுக்கும் டிவிடி, கடையில் விற்கும் சினிமா டிவிடி போல அச்சில் வார்த்ததன்று. உள்ளே இருக்கும் சாயப் படலத்தில் லேசர் எழுதியது. வெயிலும் வெப்பமும் பட்டால் அந்தச் சாயம் மங்கும், பிறகு எந்த ஒயராலும் குரலை மீட்க முடியாது. ஆகவே ஸ்பீக்கர் வேலை காத்திருக்கட்டும். டிவிடி டிரைவ் உள்ள கணினியில் அதைப் போட்டு, உள்ளே இருக்கும் கோப்புகள் அனைத்தையும் அப்படியே நகலெடுங்கள். சாதாரண டிவிடி 4.7 ஜிபிதான், 8 ஜிபி பென் டிரைவ் போதும். ஒரு நகல் உங்களிடம், இன்னொன்று உடன்பிறந்தவர் யாரிடமாவது இருக்கட்டும். நகலெடுக்கும்போது ஓரிடத்தில் சிக்கி நின்றால் மனம் தளராதீர்கள். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்து, வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒன்று படிக்க மறுத்ததை இன்னொன்று படித்துவிடுவது உண்டு.