ஃபெல்லோ வேலைக்கு வரலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்.டி. குழந்தை மருத்துவம் முடித்திருப்பதாகவும், இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் இதயப் பிரிவில் ஓராண்டு கிளினிக்கல் ஃபெல்லோ (குறிப்பிட்ட காலத்துக்கான டாக்டர்) வேலை கிடைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். வந்தால் இதய நிபுணர் ஆகிவிடலாமா, தண்டையார்பேட்டையில் அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வருகிற அளவுக்கு அதில் பலன் உண்டா என்று கேட்கிறீர்கள். நானும் ஸ்டான்லி இருக்கும் பழைய ஜெயில் ரோட்டில் நடந்து வகுப்புக்குப் போனவள்தான். இங்கே வந்து 14 வருடம் ஆகிறது. ஒளிக்காமல் சொல்கிறேன்.

அந்த ஓராண்டை மட்டும் வைத்து நிபுணர் ஆக முடியாது. குழந்தை இதயவியலுக்கென்று இங்கே தனிப் பயிற்சி இருக்கிறது, நிபுணர் பயிற்சியின் நான்காம் ஆண்டான எஸ்.டி.4 முதல் எஸ்.டி.8 வரை 5 வருடம். இங்குள்ள குழந்தை மருத்துவத் தேர்வான எம்.ஆர்.சி.பி.சி.ஹெச். முடித்துவிட்டு, நாடு முழுவதற்கும் பொதுவாக நடக்கும் தேர்வில் இடம் பிடிக்க வேண்டும். இடங்கள் மிகவும் குறைவு. முடித்தால்தான் பயிற்சி நிறைவுச் சான்றிதழான சி.சி.டி. கிடைக்கும், டாக்டர்களைப் பதிவு செய்யும் ஜி.எம்.சி.யின் நிபுணர் பட்டியலில் பெயர் ஏறும். ஃபெல்லோ வேலை இந்த வரிசையில் சேராது. ஃபெல்லோவாகவே பல வருடம் இருந்து, போர்ட்ஃபோலியோ வழியில் அதே பட்டியலில் ஏறியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் செய்த வேலை ஒவ்வொன்றுக்கும் கையெழுத்தோடு ஆதாரம் சேர்த்துவைத்திருக்க வேண்டும். வெளிநாட்டு டாக்டர்களுக்கான எம்.டி.ஐ. பயிற்சித் திட்டத்தில் வருகிறவர்கள் அதிகபட்சம் 2 வருடம் கற்றுக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும். ஊரிலேயே இருந்துவிடுவதாக முடிவெடுத்தால் இதயவியல் மேற்படிப்பான டி.எம். 3 வருடம். இந்த ஃபெல்லோ சான்றிதழ் அந்தப் பட்டத்துக்கு ஈடாகாது, அதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் முதல் வருடத்தைச் சொல்ல வேண்டும். நான் முதலில் சேர்ந்த இடத்தில் வாக்குக் கொடுத்தது பயிற்சி, கிடைத்தது வார்டு வேலை. டிஸ்சார்ஜ் கடிதம், ரத்தம் எடுப்பது, நைட் டூட்டி, மறுபடியும் டிஸ்சார்ஜ் கடிதம். இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ அறைக்குள் போகவே அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு மாதத்தில் நானே ஸ்கேன் கருவியின் புரோபைப் பிடித்து முழுதாக முடித்த எக்கோ நாற்பதைத் தாண்டவில்லை. பிறந்து இரண்டு நாளான குழந்தையின் இதயம் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். மார்பெலும்புக்குக் கீழே, வயிற்றுப் பக்கமிருந்து புரோபை வைத்து, எந்த அறை எங்கே திறக்கிறது, எந்தக் குழாய் எதிலிருந்து கிளம்புகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்தால் அது வராது. அந்த வருடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

அதனால் ஒப்புக்கொள்வதற்கு முன்னால் அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். வாரத்தில் எத்தனை அரை நாள் எக்கோ, எத்தனை அரை நாள் ஓ.பி., ரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குச் சிகிச்சை செய்யும் கேத் லேபில் எனக்கு இடம் உண்டா, மேற்பார்வை செய்யும் கன்சல்டன்ட் (மூத்த நிபுணர்) யார்? இப்போது அங்கே இருக்கும் ஃபெல்லோவிடம் பேச வேண்டும் என்றும் கேளுங்கள். அதற்கு மழுப்பினால் அந்த இடம் வேண்டாம்.

இன்னொன்று. ‘நான் ஸ்டான்லிதானே’ என்று எழுதியிருந்தீர்கள். அந்த ‘தானே’ வேண்டாம் தம்பி. நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது காசிமேட்டிலிருந்து ஒரு பாட்டி ஐந்து வயதுப் பேரனைக் கூட்டிவந்தார். “வலைகிட்ட ஓடியாடினே இருப்பான் டாக்டரம்மா, திடீர்னு குந்திக்குவான்” என்றார். விரல் நுனிகள் உருண்டு, உதடு நாவற்பழம் தின்றதுபோல நீலமாக இருந்தது. ஃபேலட் டெட்ராலஜி, நுரையீரலுக்கு ரத்தம் குறைவாகப் போகும் பிறவி இதயக் குறை. குந்தும்போது கால்களின் ரத்தக் குழாய்கள் மடங்கி அழுந்துகின்றன. உடலுக்குப் போகும் பாதையில் தடை கூடுவதால் நுரையீரலுக்குக் கொஞ்சம் அதிகமாக ரத்தம் போய், மூச்சிரைப்பு தணிகிறது. அந்தப் பையனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவன் உடம்பே கண்டுபிடித்துக்கொண்டது. இங்கே இந்தக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஒரு வயதுக்குள் அறுவை முடிந்துவிடும், அதனால் குந்தும் குழந்தையை இங்குள்ள இளம் டாக்டர்கள் புத்தகத்தில்தான் படித்திருப்பார்கள். ருமாட்டிக் காய்ச்சலில் வால்வு கெட்டு, 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட வரும் பிள்ளைகளை நீங்கள் எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள்! அதைத் தயங்காமல் இன்டர்வியூவில் சொல்லுங்கள்.

இங்கே வந்து நான் கற்றதில் பெரியது வேறு. இரண்டாவதாகச் சேர்ந்த இடத்தில் ஒரு நடு இரவு. பெருந்தமனிகள் இடம் மாறிப் பிறந்த குழந்தை, ரத்தத்தில் ஆக்சிஜன் சாச்சுரேஷன் அறுபதுக்குக் கீழே. அந்த இரண்டு தமனிகளையும் இணைக்கும் டக்டஸ் குழாய் மூடாமலிருக்க ப்ராஸ்டாகிளாண்டின் மருந்து ஓடிக்கொண்டிருந்தது. அந்த மருந்தே மூச்சை நிறுத்திவிடக்கூடும் என்பதால் வென்டிலேட்டரைத் தயாராக வைத்திருந்தோம். பலூன் போட்டு மேலறைச் சுவரில் துளையைப் பெரிதாக்க வேண்டும். கன்சல்டன்ட் நேராகத் தாயிடம் போனார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சிவப்புப் பேனா, நீலப் பேனா இரண்டையும் எடுத்து இதயத்தை வரைந்தார். அந்த அம்மா அழுது முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு தாளை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு எழுந்தார். நம் ஓ.பி. கூட்டத்தில் நின்றபடி மூன்று நிமிடத்தில் சொல்லிப் பழகியவள் நான். அன்றிலிருந்து என் கோட்டுப் பையில் இரண்டு நிறப் பேனா இருக்கிறது.

குளிர், வாடகை, சமையலெல்லாம் இரண்டு மாதத்தில் பழகிவிடும். அம்மா விஷயம் பழகாது. அப்பாவுக்கு முடியாமல் போனபோது டூட்டியை மாற்றிவிட்டு ராயபுரம் போய்ச் சேர எனக்கு மூன்று நாள் ஆனது. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள சித்தியோ மாமாவோ இருக்கிறார்களா என்று பேசி முடிவு செய்த பிறகு விசாவுக்குப் போங்கள். எம்.ஆர்.சி.பி.சி.ஹெச். எழுத்துத் தேர்வுகளை இந்தியாவிலேயே எழுதலாம், அதை முடித்துவிட்டு வருவதுதான் உங்களுக்கு நல்லது என்பது என் எண்ணம். எஸ்.டி.4-க்கு விண்ணப்பிக்க எப்படியும் அது வேண்டும்.

அவர்கள் அனுப்பும் டூட்டி ரோட்டாவை (வேலை அட்டவணையை) எனக்கும் அனுப்புங்கள், எக்கோவுக்கு உண்மையிலேயே நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று சேர்ந்து பார்ப்போம்.