சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டது யார்?

கேள்வி: என் மகள் திண்டுக்கல் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியை நடத்தும் அறக்கட்டளையின் மதம் வேறு, எங்கள் மதம் வேறு. வெள்ளிக்கிழமைதோறும் முதல் பீரியடில் எல்லாப் பிள்ளைகளையும் வழிபாட்டுக்கு வரிசையாக அழைத்துப் போகிறார்கள். போன மாதம் ஒரு கட்சியின் மாவட்ட நிர்வாகி (அறக்கட்டளையிலும் உறுப்பினர்) காலைக் கூட்டத்தில் பேசிவிட்டு, பிள்ளைகளைக் கையை நீட்டி உறுதிமொழி எடுக்க வைத்தார். என் மகள் கையை நீட்டவில்லை. அடுத்த வெள்ளி வழிபாட்டுக்கும் போகவில்லை. இரண்டு நாள் வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். கேட்கப் போன என்னை எல்லோர் முன்னாலும் ‘பிடிக்கலைன்னா டி.சி. வாங்கிட்டுப் போங்க’ என்றார் தலைமையாசிரியர். நீதிபோதனைப் புத்தகத்திலும் அவர்கள் மதத்துக் கதைகள்தான் அதிகம். ‘ஒரு மணி நேரம் உட்கார்ந்துட்டு வந்தா என்ன குறைஞ்சுடும்’ என்கிறாள் என் மனைவி. உறுதிமொழி வீடியோவை ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறேன். எதிர்க்கட்சியில் இருக்கும் நண்பர், தங்கள் கட்சி வக்கீல் மூலம் இலவசமாகப் பொதுநல வழக்கு போட்டுத் தருவதாகச் சொல்கிறார். தலைமையாசிரியரைப் பதவிநீக்கம் செய்ய வேண்டும், பள்ளியின் அங்கீகாரம் ரத்தாக வேண்டும், 50 லட்சம் நஷ்டஈடு வேண்டும். முடியுமா சார்? (பெயர் வேண்டாம்)

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தின் சுருக்கம்தான் மேலே இருப்பது. எந்த மதம், எந்தக் கட்சி என்பதை எடுத்துவிட்டேன். உங்கள் வழக்குக்கு அது தேவைப்படவில்லை. மதங்களை இடம் மாற்றிப் போட்டாலும் நான் எழுதும் பதில் இதேதான்.

கடைசியில் கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். மூன்றும் நடக்காது. ஆசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் பள்ளி நிர்வாகத்திடம் இருக்கிறது. நீதிமன்றம் நேரடியாக யாரையும் வீட்டுக்கு அனுப்பாது. ஒரு பெற்றோரின் புகாருக்காக மற்ற எல்லாப் பிள்ளைகளையும் தெருவில் நிறுத்தும் உத்தரவை எந்த நீதிபதியும் போடமாட்டார். 50 லட்சம் பற்றிப் பேசவே வேண்டாம். நீதிபோதனைப் புத்தகத்தையும் விட்டுவிடுங்கள். மதங்களைப் பற்றிக் கற்பிப்பது வேறு, மதபோதனை வேறு என்று 2002-ல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தலைமையாசிரியர் மரியாதையில்லாமல் பேசினார், உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்பதெல்லாம் எனக்குப் புரிகிறது. மனுவில் அதற்கு இடமில்லை.

சரி, எது முக்கியம்? உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு விஷயம். வழிபாட்டில் உங்கள் மகள் கலந்துகொள்ள யாராவது எழுத்தில் சம்மதம் கொடுத்திருக்கிறீர்களா?

அரசமைப்புச் சட்டம் 28-வது பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனையே கூடாது என்கிறது. உங்கள் மகள் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் படித்திருந்தால் இந்தப் பதில் இரண்டு பத்தியில் முடிந்திருக்கும். 2024-ல் சென்னை அசோக் நகர் பள்ளியில் ஒரு சொற்பொழிவாளர் முற்பிறவிப் பாவம் பற்றிப் பேசியபோது அரசு வேகமாக நடவடிக்கை எடுத்ததை நீங்கள் எடுத்துக்காட்டியிருக்கிறீர்கள். அது அரசுப் பள்ளி. தலைமையாசிரியர் அரசு ஊழியர், மறுநாளே இடமாற்றம் செய்யலாம். உங்களுடையது உதவி பெறும் பள்ளி. அதற்கு உரியது 28-ன் மூன்றாவது உட்பிரிவு. அரசு அங்கீகாரமோ நிதியோ பெறும் பள்ளியில், மாணவரோ, மாணவர் மைனர் என்றால் அவருடைய காப்பாளரோ சம்மதிக்காமல், மதபோதனையிலும் வழிபாட்டிலும் கலந்துகொள்ளும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. பள்ளி வழிபாடு நடத்துவது தப்பு என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. கட்டாயம்தான் தப்பு, அதுவும் சம்மதம் இல்லாதபோது. சிறுபான்மைப் பள்ளியாகவே இருந்தாலும் 28(3)-லிருந்து அதற்கு விலக்கு கிடையாது.

இனி சேர்க்கைப் படிவத்துக்கு வருவோம். ஜூன் மாத நெரிசலில், பள்ளி அலுவலக ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, ரத்த வகையிலிருந்து வங்கிக் கணக்கு எண் வரை நிரப்பி, கடைசிப் பக்கத்தில் உங்கள் வீட்டில் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார். அந்தக் கடைசிப் பக்கத்தில் பல தனியார் பள்ளிகள் ஒரு வரி வைத்திருக்கும்: ‘பள்ளியின் விதிமுறைகளுக்கும் வழிபாட்டு நிகழ்ச்சிகளுக்கும் கட்டுப்பட்டு நடக்க என் மகன்/மகளுக்குச் சம்மதம் அளிக்கிறேன்.’ யாரும் படிப்பதில்லை. நீங்கள் வழக்குப் போட்டால் பள்ளியின் பதில் மனுவில் முதல் ஆவணம் அதுதான். அந்த வரி இருக்கிறதா என்று தெரியாமல் எந்த வக்கீலிடமும் போகாதீர்கள். உங்களிடம் நகல் இருக்காது. பள்ளியிடம் எழுதிக் கேளுங்கள்.

அதைவிடச் சிக்கலான கேள்வி, கையெழுத்து யாருடையது என்பது. சேர்க்கையன்று நீங்கள் வெளியூரில் வேலையில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் போட்டது உங்கள் மனைவி. அவருக்கோ வழிபாட்டில் ஆட்சேபணை இல்லை. இதில் பள்ளித் தரப்பு என்ன செய்யும் என்று நான் சொல்லவா? ஒரு ஆசிரியையை உங்கள் வீட்டுக்கு அனுப்பி, ‘என் மகள் வழிபாட்டில் கலந்துகொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை’ என்று உங்கள் மனைவியிடம் ஒரு கடிதம் வாங்கும். அப்புறம் நீதிமன்றத்தில் இது பள்ளிக்கும் மாணவிக்கும் இடையிலான வழக்காக இருக்காது, கணவனுக்கும் மனைவிக்கும் இடையிலான வழக்காகிவிடும். தந்தைதான் இயற்கைக் காப்பாளர் என்று வாதாடலாம்தான். ஆனால் தாயும் இயற்கைக் காப்பாளராக இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன கீதா ஹரிஹரன் வழக்குக்கு (1999) அப்புறம் தாயைத் தள்ளிவைத்துவிட்டு அந்த வாதத்தை ஓட்டுவது கஷ்டம். முதலில் வீட்டில் பேசி முடியுங்கள். மகளையும் கேளுங்கள். உங்கள் கடிதம் முழுக்க அவள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை.

சம்மத வரி இருந்தால் எல்லாம் போச்சு என்று அர்த்தமில்லை. ஒருமுறை கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறக் கூடாது என்று 28(3) எங்கும் சொல்லவில்லை. நீங்களும் மனைவியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, தாளாளருக்கும் தலைமையாசிரியருக்கும் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். இன்ன வகுப்பில் படிக்கும் எங்கள் மகள் வழிபாட்டில் கலந்துகொள்ள இன்று முதல் எங்களுக்குச் சம்மதமில்லை. முன்பு கொடுத்திருந்தால் அதைத் திரும்பப் பெறுகிறோம். அந்த நேரத்தில் நூலகத்திலோ வகுப்பறையிலோ இருக்க அனுமதியுங்கள். இவ்வளவுதான். கட்சிக்காரர், புத்தகம், மரியாதைக் குறைவு எதுவும் அதில் வரக் கூடாது. நகலில் தேதியோடு பள்ளி முத்திரை வாங்குங்கள். மறுத்தால் தபாலில் அனுப்பி ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு உங்கள் மகளை மறுபடி வெளியே நிறுத்தினால்தான் வழக்கு என்று ஒன்று பிறக்கும். அதுவரை உங்கள் கையில் இருப்பது கோபம் மட்டும்.

இனி ஆபத்துகள். இந்த மாதிரிப் பெற்றோர் எதில் விழுகிறார்கள் என்று திரும்பத் திரும்பப் பார்த்ததால் சொல்கிறேன்.

மிகப் பெரிய குழி டி.சி. தலைமையாசிரியர் சொன்ன அந்த வார்த்தைக்குக் கோபப்பட்டு, ‘கொடுங்க சார், வாங்கிட்டே போறேன்’ என்று எழுதிக் கொடுத்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். நம் ஊர் மாற்றுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். மாணவர் சார்பாகப் பெற்றோர் சான்றிதழ் கோரி விண்ணப்பித்த தேதி என்று அதில் ஒரு இடமே இருக்கிறது. அதில் ஒரு தேதி விழுந்ததும், பள்ளி உங்களை அனுப்பவில்லை, நீங்களாகப் போனீர்கள் என்று ஆகிவிடுகிறது. எமிஸ்-ல் (கல்வித் துறையின் கணினிப் பதிவேட்டில்) பிள்ளையின் பெயர் அந்தப் பள்ளியை விட்டு நகர்ந்துவிடும். உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றத்தில் நீங்கள் போடும் ரிட் மனு விசாரணைக்கு வரும் நாளில் அரசு வக்கீல் எழுந்து ‘மாணவி இப்போது அந்தப் பள்ளியில் இல்லை’ என்பார். மனு பயனற்றதாகிவிட்டது என்று ஒரே வரியில் முடித்துவைப்பார்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை கட்டாயக் கல்விச் சட்டத்தின் 16-வது பிரிவு வெளியேற்றத்தைத் தடுக்கிறது. 17-வது பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடுக்கிறது. வெளியே நிறுத்தியதற்கு அது போதும். ஆனால் உங்கள் மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் அந்தச் சட்டம் கைவிட்டுவிடும். பள்ளி சிறுபான்மை அந்தஸ்து பெற்றதென்றால் இப்போதே அது இல்லை. 2014-ல் பிரமதி வழக்கில் அரசமைப்புச் சட்ட அமர்வு அப்படித்தான் தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் இன்னொரு அமர்வு அதில் சந்தேகம் எழுப்பித் தலைமை நீதிபதிக்கு அனுப்பியிருக்கிறது. அது முடியும்வரை பழைய தீர்ப்புதான் சட்டம். எப்படிப் பார்த்தாலும், டி.சி. கேட்டு நீங்களாக ஒரு காகிதமும் எழுதாதீர்கள்.

அடுத்து அந்த ஃபேஸ்புக் பதிவு. பார்த்தேன். வீடியோவைவிட அதற்கு மேலே அந்த மதத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் நாலு வரிதான் எனக்குக் கவலை. பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 196, 299 பிரிவுகளில், அதாவது மதங்களுக்கிடையே பகை மூட்டியதாக, மத உணர்வைப் புண்படுத்தியதாக, உங்கள் மேல் புகார் கொடுக்க அந்த நாலு வரி போதும். கெட்ட எண்ணத்தோடு செய்தீர்கள் என்று நிரூபிப்பது சுலபமில்லை, கடைசியில் தப்பித்துவிடலாம். ஆனால் அதற்குள் முன்ஜாமீனுக்கு அலைவது யார்? அடுத்தவர் பிள்ளைகளின் முகமும் அதில் தெரிகிறது. நாளைக்கு உங்களோடு நிற்க வேண்டிய பெற்றோரே உங்களுக்கு எதிராகக் கையெழுத்துப் போடுவார்கள். இன்றே பதிவைப் பொதுப் பார்வையிலிருந்து எடுங்கள். ஆனால் போனில் இருக்கும் மூல வீடியோவை வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே வைத்திருங்கள். சாட்சியமாகத் தாக்கல் செய்யும் நாளில் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் (மின்னணு ஆவணத்துக்கானது) தேவைப்படும்.

மூன்றாவது, நண்பர் சொல்லும் இலவச வழக்கு. சொந்தப் பிள்ளையின் விஷயத்தில் பொதுநல வழக்கு கிடையாது. உங்கள் பெயரில் சாதாரண ரிட் மனுதான், உங்கள் மாவட்டத்துக்கு மதுரைக் கிளையில். அதைக் கட்சி வக்கீல் எழுதினால் பிரமாணப் பத்திரத்தில் உங்கள் மகள் ஒரு பத்தியிலும், எதிரணி நிர்வாகி இருபது பத்தியிலும் இருப்பார்கள். பள்ளி உங்கள் நண்பருடைய கட்சிக் கூட்டப் புகைப்படங்களைத் தேடி எடுத்துத் தாக்கல் செய்து, இது அரசியல் உள்நோக்கம் கொண்ட மனு என்று ஒரு வரி எழுதும். நீதிபதி முதலில் கேட்கப்போவது ‘பள்ளிக்கு எழுதிக் கொடுத்தீர்களா?’ என்றுதான். இல்லை என்பீர்கள். கோரிக்கை மனு கொடுங்கள், இத்தனை வாரத்தில் அதிகாரி பரிசீலித்து உத்தரவிடட்டும் என்று முடியும். அதிகாரி பரிசீலித்து நிராகரிப்பார். அதற்குள் முழுப் பரீட்சை வந்திருக்கும். தேர்தல் முடிந்திருந்தால் நண்பர் போனையும் எடுக்கமாட்டார்.

அந்த உறுதிமொழி விவகாரம் தனி. 28-வது பிரிவு மதத்துக்குத்தான், கட்சிக்கு இல்லை. பள்ளி வளாகத்தில் கட்சி நிகழ்ச்சி நடந்தது என்று முதன்மைக் கல்வி அலுவலருக்குத் தனியாக ஒரு புகார் அனுப்புங்கள். இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால் வலுவானது வலுவற்றதோடு சேர்ந்து மூழ்கும்.

‘உச்ச நீதிமன்றம் வரை போவேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வகையில் கிடைத்த மிகச் சிறந்த வெற்றியையே பாருங்கள். கேரளத்தில் தேசிய கீதம் பாடாததற்காக யெகோவாவின் சாட்சிகள் வீட்டுப் பிள்ளைகள் மூவரை 1985 ஜூலையில் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்று, 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். ஜெயித்ததற்கு ஒரு காரணம், அவர்கள் எழுந்து மரியாதையாக நின்றார்கள், பாடவில்லை, வேறெதுவும் செய்யவில்லை. விசாரித்த குழுவே அதை ஒப்புக்கொண்டது. அப்படிப்பட்ட சுத்தமான வழக்குக்கே ஒரு கல்வியாண்டுக்கு மேல் போயிற்று. கர்நாடக ஹிஜாப் வழக்கில் 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தடையை ஏற்றது; அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாக எழுதினார்கள்; உரிய அமர்வை அமைக்கத் தலைமை நீதிபதிக்குப் போனது. இதற்கிடையே பல மாணவிகள் தேர்வைத் தவறவிட்டார்கள், டி.சி. வாங்கிப் போனவர்களும் உண்டு. யார் பக்கம் நியாயம் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். அந்த ஆண்டு திரும்பி வராது என்பதில் இருக்க முடியாது.

ஆகவே பட்டென்று சொல்கிறேன்: சமாதானமாகப் போங்கள். கடிதம் கொடுத்த மறுவாரம் தாளாளரை நேரில் பாருங்கள். தலைமையாசிரியரை அல்ல, அவர் ஏற்கெனவே வாய் கொடுத்துவிட்டார், பின்வாங்க அவருக்குக் கூச்சமாக இருக்கும். பள்ளிக்கும் பயம் உண்டு, மானியத்தில் சம்பளம் வாங்குகிற பள்ளி அது. கேட்க வேண்டியது வெள்ளிக்கிழமை முதல் பீரியடில் அவள் நூலகத்தில் இருப்பாள், வருகைப் பதிவில் அது தெரியாது, நடத்தைச் சான்றில் கறை விழாது என்று ஒரு எழுத்து. கேட்கக் கூடாதது மன்னிப்புக் கடிதம். பேச்சுவார்த்தை அங்கேதான் உடையும், எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். மதத்தைப் பற்றிப் பேசத் தாளாளர் ஆரம்பித்தால் கேட்டுக்கொள்ளுங்கள், பதில் சொல்லாதீர்கள். நண்பரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

பதினைந்து நாளில் பதிலில்லை, அல்லது பிள்ளையை மறுபடி வெளியே நிறுத்துகிறார்கள் என்றால் கடிதத்தின் முத்திரையிட்ட நகலை இணைத்து மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதி, ஒரு மாதம் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் அந்த இரண்டு காகிதத்தோடும் சேர்க்கைப் படிவ நகலோடும் மதுரையில் கட்சிச் சார்பில்லாத ஒரு வக்கீலைப் பாருங்கள். ஃபீஸ் கொடுத்துப் பாருங்கள்.