தண்டத்தைக் கட்டுவதா, வழக்காடுவதா?

கேள்வி: நான் திருகோணமலை உப்புவெளியில் ஓட்டோ ஓட்டுகிறேன். போன கிழமை பின்னேரம் ஒரு ஆசிரியையை ஏற்றிக்கொண்டு அலஸ்தோட்டம் பக்கமாக டவுனுக்கு வரும்போது, றோட்டில் இரண்டு கட்டாக்காலி மாடுகள் படுத்திருந்தன. வலப்பக்கம் வெட்டி எடுத்தேன். சற்றுத் தள்ளி நின்ற பொலிஸ் மறித்து, வெள்ளைக் கோட்டைக் கடந்ததாகச் சொல்லி லைசன்ஸை வாங்கிக்கொண்டு தண்டத் தாள் எழுதினார்கள். அந்த இடத்தில் கோடே அழிந்துபோய்க் கிடக்கிறது. நான் கோட்டைக் கடக்கவும் இல்லை. தாள் சிங்களத்தில் இருக்கிறது, கையெழுத்தும் வைத்துவிட்டேன். ஒரு நண்பர் "ஏதாவது குடுத்துக் கதைச்சு முடிக்கலாம்" என்கிறார். நான் கட்டுவதா, கோர்ட்டுக்குப் போவதா?

பதில்: தம்பி, மாட்டைக் காப்பாற்றப் போய்த் தண்டம் வாங்கிய உங்கள் கோபம் நியாயமானது. முதலில் நண்பரின் யோசனையைக் கைவிடுங்கள். இலஞ்சம் வாங்குவதைப் போலவே கொடுப்பதும் குற்றம். யாராவது வாய்விட்டுக் கேட்டால் இலஞ்ச ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

அடுத்தது நாட்கணக்கு. 14 நாளுக்குள் தபால் கந்தோரில் கட்டிப் பற்றுச்சீட்டைக் காட்டினால் லைசன்ஸ் திரும்பக் கிடைக்கும். தவறினால் 28 நாள் வரை இரட்டிப்புத் தொகை, அதற்குப் பிறகு நீதவான் நீதிமன்றம். கட்டிவிட்டால் விஷயம் அத்தோடு முடிந்தது. பிறகு "நான் பிழை செய்யவில்லை" என்று வழக்காட முடியாது. ஆகவே யோசிப்பதை இப்போதே யோசியுங்கள்.

நீங்கள் வழக்காடலாம் என்பது என் எண்ணம். ஆனால் கடிதத்தில் மூன்று கதை சொல்லியிருக்கிறீர்கள்: மாடு படுத்திருந்தது, கோடு அழிந்திருந்தது, நான் கடக்கவே இல்லை. மூன்றையும் ஒன்றாக நீதவான் முன் வைத்தால் ஒன்றையும் நம்ப மாட்டார். கடக்காதவருக்கு மாடு எதற்கு? நடந்தது எதுவோ அதை மட்டும் சொல்லுங்கள். கோட்டைக் கடந்தீர்கள், மாட்டில் மோதாமல் இருக்கத்தான் கடந்தீர்கள், எதிரே வாகனம் வரவில்லை என்றால் அது காது கொடுத்துக் கேட்கக்கூடிய காரணம். கோடு அழிந்திருப்பதும் அதற்குத் துணை நிற்கும். "கடக்கவே இல்லை" என்பதுதான் அதைக் கெடுக்கும்.

சரி, சாட்சி என்ன இருக்கிறது? நாளைக்கே அதே நேரத்தில் அந்த இடத்துக்குப் போய்ப் படம் எடுங்கள். கோடு எங்கே தெளிவாக இருக்கிறது, எங்கே தேய்ந்திருக்கிறது, பொலிஸ் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்பது படத்தில் வரவேண்டும். கடைப்பலகை, மின்கம்பம் என்று இடத்தை அடையாளம் காட்டும் ஏதாவது ஒன்றும் சேர்ந்து விழட்டும். வீதி திருத்த வேலையோ புதுப் பெயின்ற்றோ வருவதற்குள் செய்யுங்கள். அந்த ஆசிரியைதான் உங்கள் பெரிய பலம். பள்ளிக்கூடத்தில் லீவு போட்டுவிட்டு வரவேண்டியிருக்கும், முன்கூட்டியே மரியாதையாகக் கேளுங்கள். வர முடியாதென்றால் வற்புறுத்தாதீர்கள்.

கையெழுத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். பொலிஸ் அதிகாரியிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்படுவதை நம் சாட்சியச் சட்டம் உங்களுக்கு எதிராக ஏற்பதில்லை. குற்றச்சாட்டை வாசித்துக் காட்டிக் கேட்கும்போது நீங்கள் சொல்லும் பதில்தான் கணக்கு. "சுற்றவாளி", அதாவது குற்றம் செய்யவில்லை, என்று சொன்னால் வழக்கு விசாரணைக்குத் தவணை போடுவார்கள். அன்று உங்களை மறித்தவர் சாட்சிக் கூண்டில் ஏறவேண்டும், குற்றத்தை நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கும் பொறுப்பும் அவர்கள் பக்கம்தான். எவ்வளவு தூரத்தில் நின்றார், இடையில் வேறு வாகனம் இருந்ததா, மாடுகளைக் கண்டாரா, குறிப்புப் புத்தகத்தில் மாட்டைப் பற்றி எழுதினாரா என்று அவரைக் கேட்கலாம். மாட்டைக் காணவில்லை என்கிறவர் தேய்ந்த கோட்டை மட்டும் எப்படிக் கண்டார் என்பது நல்ல கேள்வி. அதைச் சண்டை போடாமல் கேட்கத் தெரிந்த சட்டத்தரணி கூட நின்றால் நல்லது. வருமானம் குறைந்தவர்களுக்கு உதவும் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் திருகோணமலையிலும் இருக்கிறது. உங்களுக்குத் தகுதி உண்டா என்று அங்கே கேட்டுப் பாருங்கள்.

மொழியும் உங்கள் பக்கம். வடக்கு, கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ். பொலிஸ்காரர் சிங்களத்தில் சாட்சி சொன்னால் மொழிபெயர்ப்பு உண்டு. அது பிழையாகப் பட்டால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள், வெளியே வந்து புலம்பிப் பயனில்லை. சிங்களத் தாளை இப்போதே தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு வரிக்கு வரி வாசித்து, வாகன இலக்கம், இடம், நேரம், குற்றம் சரியா என்று பாருங்கள்.

எனக்குக் கவலை உங்கள் லைசன்ஸைப் பற்றித்தான். அந்தத் தாள் தற்காலிக அனுமதிப்பத்திரமாகச் செல்லுவது 14 நாளுக்குத்தான். அதன் பிறகு அதைக் காட்டி ஓட்டினால் புதிதாக ஒரு வழக்கு வரும். ஆகவே நாள் முடியும் முன்பே பொலிஸ் நிலையத்தின் போக்குவரத்துப் பிரிவுக்குப் போய், தண்டம் கட்டாமல் வழக்காடப் போகிறேன் என்று சொல்லி, வழக்குத் திகதியையும் அதுவரை ஓட்டுவதற்கு என்ன வழி என்பதையும் கேளுங்கள். முதல் தவணையிலேயே, ஓட்டோதான் பிழைப்பு, லைசன்ஸைத் தரும்படி நீதவானிடம் விண்ணப்பியுங்கள். கொடுப்பது அவர் கையில். வழக்கு ஒரே நாளில் முடியாது; ஓட்டோ ஓடாத நாட்களை வீட்டில் தாங்க முடியுமா என்று மனைவியோடும் கதைத்துப் பாருங்கள். தாங்காது என்றால் தண்டத்தைக் கட்டுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

போவதென்று முடிவெடுத்தால் ஒரு தவணையையும் விடாதீர்கள். வராதவருக்குப் பிடியாணை போகும், அப்புறம் மாட்டுக் கதையை யாரும் கேட்க மாட்டார்கள். தேசிய அடையாள அட்டை, தண்டத் தாள், படங்களின் பிரதி எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டுக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள்.